தையலக்காவின் ஒரு வரி வசனம்

தையலக்கா இதுவரை எத்தனை படத்தில் செத்திருக்கிறாள் என்று கேட்டால் அவளுக்கே சரியாகச் சொல்லத் தெரியாது. ஜன்னல் ஓரம் நாற்காலியில் உட்கார்ந்தபடி செத்திருக்கிறாள். கட்டிலில் படுத்தபடி செத்திருக்கிறாள். ஒருமுறை படிக்கட்டில் செத்தாள். படம் எடுத்த சினிமாப் பள்ளிப் பிள்ளைகள் காட்சி முடிந்துவிட்டது என்று அவளிடம் சொல்ல மறந்து சாப்பிடப் போய்விட, மாடிக்கு ஏறி வந்த பெருக்குகிறவர் தாண்டிப் போகும்வரை அங்கேயே கிடந்தாள். எல்லாப் படத்திலும் அவள் அம்மா. எல்லாப் படத்திலும் மகன் எங்கேயோ போயிருப்பான். அவள் காத்திருப்பாள், கண்ணீர் விடுவாள், சாவாள். பேசமாட்டாள்.

அவள் குடியிருந்த தெருவின் கோடியில், முன்பு அட்டைப்பெட்டிகள் அடுக்கி வைத்திருந்த கிடங்கில்தான் அந்தச் சினிமாப் பள்ளி இருந்தது. "செய்து கற்போம்" என்று வாசலில் பெரிய பலகை. என்ன செய்து என்ன கற்கிறார்கள் என்பது தெருவுக்கு விளங்கவில்லை. ஒருவன் கறுப்பு வெள்ளைக் கட்டையை டப்பென்று தட்டுவான். உடனே எல்லாரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். அந்த நேரம் பார்த்துக் குப்பை வண்டி வந்தால் வண்டிக்காரரோடு சண்டைக்குப் போவார்கள். அவ்வளவு சத்தம் போட்டுவிட்டு, மறுபடியும் அமைதியாக இருக்கச் சொல்லித் தெருவையே மிரட்டுவார்கள்.

தையலக்காவுக்கு வீட்டின் முன்னறையில் ஒரு மிஷின். புதிதாக எதுவும் தைப்பதில்லை. நீளத்தைக் குறைப்பாள், இடுப்பைப் பிரித்து விடுவாள், ஜிப் மாற்றுவாள். தெருவில் யாருக்கு இடுப்பு பெருக்கிறது, யார் சொல்லாமல் இளைக்கிறார்கள் என்பதெல்லாம் முதலில் அவளுக்குத்தான் தெரியும். ஆனால் வெளியே மூச்சு விடமாட்டாள். ஊசியைப் பல்லில் கடித்துக்கொண்டு வேலை செய்கிறவள் என்பதால் பேசாமலிருப்பது அவளுக்குப் பழகிவிட்டது. மற்றவர்களுக்கு அது வசதியாகப் போய்விட்டது.

அவளைக் கலைஞி ஆக்கியது அவளுடைய இடது கண். அதன் ஓரத்தில் ஏதோ அடைப்பு. வெளிச்சம் பட்டால் போதும், தண்ணீர் கோடு கட்டி வழியும். சின்னதாக ஒரு கீறல் போட்டால் சரியாகிவிடும் என்று ஆஸ்பத்திரியில் சொல்லியிருந்தார்கள். அவள் போகாமல் நாளைக் கடத்திக்கொண்டிருந்தபோது, தன் சட்டையைச் சின்னதாக்கிக்கொள்ள வந்த ஒரு மாணவன் ஜன்னல் வெயிலில் அவள் கண் வழிவதைப் பார்த்து வாயைப் பிளந்தான். மறுநாள் ஒரு கூட்டமே வந்து அவளை வெற்றிலை பாக்கு வைக்காத குறையாக அழைத்துக்கொண்டு போனது.

அங்கே செய்முறைப் பயிற்சிக்குப் பொறுப்பாக இருந்தவரை எல்லாரும் ஃப்ரேம் சார் என்பார்கள். இரண்டு கை விரல்களையும் சேர்த்துச் சதுரம் பிடித்து அதன் வழியாகத்தான் அவர் உலகத்தைப் பார்ப்பார். அந்தச் சதுரத்துக்குள் தையலக்காவின் இடது கண்ணைப் பார்த்ததும் அவருக்குப் புல்லரித்துவிட்டது.

"பாருங்கப்பா, நல்லாப் பாருங்க. இது கிளிசரின் இல்ல. வாழ்க்கை! உள்ளுக்குள்ள எவ்வளவு அடக்கி வச்சிருந்தா இப்படி வரும்?"

உள்ளுக்குள் அப்போது அவள், அடுப்பில் வைத்த பால் ஞாபகத்தை அடக்கி வைத்திருந்தாள். விளக்கை வலப்பக்கம் வைத்த நாட்களில் கண் வறண்டு கிடந்தது. அன்றைக்கு "அக்காவுக்கு இன்னைக்கு மனசு சரியில்ல" என்று சொல்லி எல்லாரும் கலைந்து போனார்கள்.

அதிலிருந்து ஒவ்வொரு புது வகுப்புக்கும் அவள்தான் அம்மா. ஃபோன் மணி அடித்தால் பெற்ற தாயின் பெயரைப் பார்த்து முகம் சுளிக்கிற பிள்ளைகள் எல்லாம் தாயின் தனிமையைப் பற்றிப் படம் எடுத்தார்கள். அவளுக்குக் கதை சொல்லும்போது தாங்களே அழுதார்கள்.

வீட்டில் இதை நடிப்பென்று ஒப்புக்கொள்ளாத ஒரே ஆள் அண்ணி. அண்ணி என்றால் அவள் கணவரின் அக்கா. ஒரு வாரம் இருந்துவிட்டுப் போகிறேன் என்று ஒரு பெட்டியோடு வந்தவர். வருஷங்கள் ஓடிவிட்டன, பெட்டியை இன்னும் முழுதாகப் பிரிக்கவில்லை. பிரிக்காதவரை தான் விருந்தாளி என்பது அவர் கணக்கு. விருந்தாளி பாத்திரம் கழுவுவதில்லையே. ஒரு காலத்தில் பெரிய அலுவலகம் ஒன்றில் டெலிபோன் எடுத்துப் பேசி, லைன் மாற்றிக் கொடுக்கிற வேலை பார்த்தவர். அந்தக் குரலைக் கேட்கவே சில பேர் தப்பு நம்பர் போடுவார்களாம். ஆகையால் குரல் விஷயத்தில் அவர் வைத்ததுதான் சட்டம்.

"நடிப்புன்னா பேசணும்டி," என்பார் அண்ணி. "சும்மா கண்ணைக் கசக்கிட்டுக் கட்டையாட்டம் கிடக்கிறதுக்குப் பேரு நடிப்பா? அதுக்கு ஒரு தலகாணி போதுமே."

"என்னைப் பேசவே விடறதில்ல அண்ணி."

"எப்படி விடுவாங்க? உன் குரல்தான் ஓட்டை வாளில தண்ணி ஒழுகுற மாதிரி இருக்கே."

தையலக்கா ஊசியைக் கடித்துக்கொண்டாள். ஆனால் அந்த ஓட்டை வாளி அவள் மனதைவிட்டுப் போகவில்லை. ஒரே ஒரு வரி. திரையில் அவள் வாய் திறந்து ஒரே ஒரு வரி பேச வேண்டும். அதை அண்ணி எதிரே உட்கார்ந்து கேட்க வேண்டும். இதைத் தவிர அந்தச் சினிமாவிடம் அவளுக்கு வேறு எதுவும் வேண்டியிருக்கவில்லை.

அந்த வருஷத்துப் பிள்ளைகளில் படம் எடுக்க வந்தவனுக்கு மார்பு வரைக்கும் தாடி. அவனைத் தாடி என்றே கூப்பிட்டார்கள். கதையைச் சொல்லி முடித்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

"நான் பேசணும்," என்றாள் தையலக்கா.

"அக்கா, உங்க மௌனம்தான் இந்தப் படத்தோட…"

"மௌனத்துக்கு வேற ஆளைப் பாருங்க தம்பி."

தாடிக்குத் தூக்கிவாரிப்போட்டது. ஜன்னல் ஓர நாற்காலியே எழுந்து நின்று சம்பளம் கேட்டதுபோல அவளைப் பார்த்தான். வேறு அம்மா அவனுக்குக் கிடைக்காது. கிடைத்தாலும் கண் வழியாது. கடைசியில் ஒரு வரி எழுதிக் கொடுத்தான். மகன் வீட்டைவிட்டுப் போகிறான், தாய் அவன் முகத்தைப் பார்க்காமல் சொல்ல வேண்டும்: "கதவைச் சாத்திட்டுப் போ."

"இவ்வளவுதானா?"

"இதுக்குள்ள ஒரு பிரபஞ்சமே இருக்குக்கா. இங்க கதவுன்னா கதவு இல்ல."

"பின்ன?"

"அவனோட கடந்த காலம்."

அதற்குத் தாழ்ப்பாள் எங்கே இருக்கும் என்று கேட்க நினைத்து, வந்த வரியும் போய்விடப்போகிறது என்று பேசாமல் தலையாட்டினாள்.

அடுத்த ஒரு மாதம் வீட்டில் யாரும் நிம்மதியாக வெளியே போக முடியவில்லை. மிஷினை மிதித்துக்கொண்டே சொல்லிப் பார்த்தாள். பாத்திரம் கழுவிக்கொண்டே சொல்லிப் பார்த்தாள். கோபமாக, கெஞ்சலாக, பாதி தூக்கத்தில் சொல்வதுபோல, இழுத்து, வெட்டி. துணி வாங்க வந்தவர்கள் முதலில் திகைத்தார்கள். பிறகு சொல்லாமலே சாத்திக்கொண்டு போகப் பழகினார்கள். பம்பு ரிப்பேர் செய்கிற அவள் கணவர் சாமான் பையைத் தூக்கினாலே அவருடைய கை தானாகக் கதவைத் தேடியது.

"ஒரு மாசமா நானும் சாத்திட்டுத்தான்டி போறேன்," என்றார் அண்ணி. "இன்னும் என்ன, பூட்டி சாவியை முழுங்கணுமா?"

"எப்படி இருந்துச்சு அண்ணி? இப்ப சொன்னது?"

"எப்படி இருக்கும்? யாரோ கதவைச் சாத்தச் சொன்ன மாதிரி இருந்துச்சு."

"அதானே வேணும்?"

"அதுக்கு நடிகை எதுக்கு? பக்கத்து வீட்டுக்காரி போதுமே."

கணவர் இடையில் வந்தார். "விடுக்கா, பாவம். ஆசையா செய்யுறா."

"நான் என்ன வேண்டாம்னா சொன்னேன்? அன்னைக்கு நானும் வந்து கேக்குறேன். பேசிக் காட்டட்டும்."

படம் எடுக்கும் நாள் வந்தது. அந்தப் பயிற்சிக்கு ஃப்ரேம் சார் ஒரு கடுமையான விதி வைத்திருந்தார். வெட்டும் கிடையாது, ஒட்டும் கிடையாது. காலையில் எந்த வரிசையில் எடுக்கிறார்களோ அந்த வரிசையிலேயே, எடுத்தது எடுத்தபடி, அன்று மாலை பெற்றோர்களை உட்கார வைத்துப் போட்டுக் காட்ட வேண்டும். நடுவில் யாரும் ஓடவிட்டுப் பார்க்கக் கூடாது. தப்பு செய்தால் ஊர் பார்க்கத் தப்பு தெரியட்டும் என்பது அவர் கொள்கை.

இன்னொரு விதியும் உண்டு. கழுத்தில் ஒரு விசில் தொங்கும். அதை ஊதினால் பிள்ளைகள் செய்துகொண்டிருந்த வேலையை அப்படியே விட்டுவிட்டு மாற்றிக்கொள்ள வேண்டும். கேமரா பிடித்தவர் மைக்குக்குப் போக வேண்டும்; மைக் பிடித்தவர் கேமராவுக்கு. "எல்லாரும் எல்லா வேலையையும் கையால செய்யணும். கை அழுக்காகாம கலை வராது" என்பார். அவருடைய கை மட்டும் விசிலுக்கும் வாய்க்கும் நடுவில் சுத்தமாக இருந்தது. தாடி தன்னைப் படைப்பாளி என்று சொல்லித் தப்பித்துக்கொண்டான். மகனாக நடிக்கப்போகிறவனும் அவனே. ஆகையால் விசிலுக்கு ஆடியது இரண்டே பேர்: எப்போதும் தொப்பி போட்டிருந்த பெண் ஒருத்தி, நிலைப்படியில் இடிக்கிற உயரத்தில் ஒரு நெட்டையன்.

பள்ளிக்குள்ளேயே அட்டைச் சுவர் நிறுத்தி வீடு செய்திருந்தார்கள். நடுவில் ஒரு நாற்காலி, ஒரு மேஜை, மேஜையில் தட்டு, தட்டில் மகன் சாப்பிடாமல் போகப்போகிற ஒரு பன். தையலக்காவை உட்கார வைத்துச் சட்டைக் கழுத்துக்குள் குட்டி மைக் ஒன்றைக் குத்தினார்கள். கேமரா ஓடும்போது அதன் முன்னால் எரிகிற சின்னச் சிவப்பு விளக்கு ஜன்னல் கண்ணாடியில் தெரிகிறது என்று தொப்பி அதன் மேல் கறுப்பு டேப்பை ஒட்டினாள். பின்னால் இருக்க வேண்டிய குட்டித் திரையைப் போன வருஷத்துப் பிள்ளைகளே உடைத்துவிட்டிருந்தார்கள். கண்ணை வைத்துப் பார்க்கிற துவாரம் மட்டும் மிச்சம். அதிலும் ஏகப்பட்ட கீறல்.

முதல் காட்சி ஜன்னல் ஓரக் கண்ணீர். விளக்கு இடப்பக்கம். தையலக்காவின் கண் கடமை தவறவில்லை. "அப்படியே… அப்படியே…" என்று தாடி உருகிக்கொண்டிருக்கும்போதே ஃப்ரேம் சார் விசிலை ஊதிவிட்டார். தொப்பி அடித்துப் பிடித்து மைக் பக்கம் ஓடினாள். நெட்டையன் கேமராவைப் பிடித்துக்கொண்டான்.

அடுத்தது அவளுடைய காட்சி.

"ஆக்‌ஷன்!"

நெட்டையன் பட்டனை அமுக்கினான். தாடி பையைத் தோளில் போட்டுக்கொண்டு கதவைத் திறந்தான். தையலக்கா தொண்டையைச் சரிசெய்துகொண்டு சொன்னாள்: "கதவைச் சாத்திட்டுப் போ."

தாடி உணர்ச்சி வேகத்தில் சாத்திய சாத்தில் அட்டைச் சுவர் அவன் மேலேயே சாய்ந்தது.

"கட்! கட்!"

நெட்டையன் பட்டனை அமுக்கினான். சுவரை நிமிர்த்தினார்கள். இப்படியே எடுத்து, நிறுத்தி, எடுத்து, நிறுத்தி, நடு நடுவே விசில் ஊதி, நெட்டையனும் தொப்பியும் குறுக்கும் நெடுக்கும் ஓடி, மதியம் போனது. நடுவில் தட்டிலிருந்த பன்னைக் காணோம். ஃப்ரேம் சார் ருத்திரதாண்டவம் ஆடினார்.

"போன ஷாட்ல பன் இருந்துச்சு, இந்த ஷாட்ல எங்க? பாக்குறவன் கேப்பானா மாட்டானா? தட்டைப் பாத்துக்க வேண்டியது யாரு?"

"நான்தான் சார்," என்றாள் தொப்பி.

"ஒரு பன்னைக் காப்பாத்த முடியல, நீ எப்படிக் கதையைக் காப்பாத்துவ?" என்றார். தொப்பி அழுதே விட்டாள். தையலக்காதான் அவளைப் பக்கத்தில் கூப்பிட்டு மூக்கைச் சிந்தச் சொன்னாள்.

தையலக்கா அன்றைக்கு வழக்கத்தைவிட அதிகமாகப் பேசினாள். முகம் கழுவப் போவதைத் தவிர, ஒரு காட்சிக்கும் அடுத்த காட்சிக்கும் நடுவில் நாற்காலியை விட்டு எழுந்திருக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். ஊசியும் பல்லில் இல்லை. கேமராவுக்குப் பக்கத்திலேயே நின்ற நெட்டையன் எது சொன்னாலும் சிரிக்கிற பையனாக இருந்தான். வாய் கொஞ்சம் தாராளமாகிவிட்டது.

கடைசித் தடவை அந்த வரி வந்தது பாருங்கள், அவளுக்கே உடம்பு சிலிர்த்தது. அதிகமும் இல்லை, குறைவும் இல்லை. ஃப்ரேம் சார் விரல் சதுரத்தை இறக்கிவிட்டு, "அற்புதம்!" என்றார். அவ்வளவுதான், ஓட்டை வாளி ஒழிந்தது என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

மாலையில் பெரிய அறையில் பிளாஸ்டிக் நாற்காலிகள் போட்டு, ஜன்னலை எல்லாம் கறுப்புத் துணியால் மூடியிருந்தார்கள். கணவருக்கு எங்கேயோ பம்பு ஓடவில்லை, வர முடியவில்லை. அண்ணி வந்தார். இருப்பதிலேயே நல்ல உடுப்பு, தோளில் கைப்பை, முகத்தில் தீர்ப்புச் சொல்ல வந்தவரின் களை. முழங்காலை நீட்ட வசதியாக ஓர நாற்காலி வேண்டும் என்று கேட்டு வாங்கிக்கொண்டார். தையலக்கா பக்கத்தில் உட்கார்ந்தாள்.

தாடி முன்னால் வந்து பேசினான். "இந்தப் படத்தை என் அம்மாவுக்குச் சமர்ப்பிக்கிறேன். அம்மாவோட குரலை நாம கேக்கத் தவறிடறோம். கேக்கச் சொல்றதுதான் இந்தப் படம்." முன் வரிசையில் அவனுடைய அம்மா கைக்குட்டையை எடுத்துத் தயாராக வைத்துக்கொண்டார்.

விளக்கை அணைத்தார்கள்.

ஜன்னல். வெளிச்சம். தையலக்காவின் முகம். கண்ணீர் கோடாக இறங்கியது. அறையில் ஒரு பெருமூச்சு எழுந்தது. "அப்படியே… அப்படியே…" என்று தாடியின் குரல். பிறகு விசில். படம் ஆடியது. நெட்டையனின் மூக்குத் துவாரம் திரை நிறைய வந்து போனது. "ஆக்‌ஷன்!" என்று ஒரு குரல்.

அதோடு காட்சி நின்று, அடுத்த நொடி அட்டைச் சுவரின் கீழே தாடியின் இரண்டு கால்கள் உதைத்துக்கொண்டிருந்தன.

அறையில் இருந்தவர்களுக்கு ஒன்றும் புரியவில்லை. தொப்பிக்குத்தான் முதலில் புரிந்தது. "ஐயோ" என்று தலையில் கை வைத்துக்கொண்டாள். ஓட வைக்கவும் நிறுத்தவும் ஒரே பட்டன்தான்; விசில் ஊதியபோது அவள் கேமராவை நிறுத்தாமலேயே விட்டுவிட்டு ஓடியிருக்கிறாள். ஓடிக்கொண்டிருந்த கேமராவை ஓட வைப்பதாக நினைத்து நெட்டையன் அமுக்க, அது நின்றுவிட்டது. நிறுத்துவதாக நினைத்து அமுக்க, ஓடத் தொடங்கிவிட்டது. டேப்புக்குக் கீழே சிவப்பு விளக்கு எரிந்ததையும் அணைந்ததையும் பார்க்க ஆளில்லை. அதன் பிறகு எடுக்க வேண்டியது எதுவும் எடுக்கப்படவில்லை. எடுக்கக் கூடாதது மட்டும் தெள்ளத்தெளிவாக, நல்ல வெளிச்சத்தில் எடுக்கப்பட்டிருந்தது.

தையலக்காவுக்கு இது மெல்ல மெல்ல உறைத்தது. சுவர் விழுந்த பிறகு வருகிறது. அதற்கு முன்னால் அவள் சொன்னது வரவில்லை. அப்படியானால் அவளுடைய வரி?

திரையில் தாடியின் ஃபோன் மணி அடித்தது. எடுத்தான். "ம்மா, எத்தனை தடவை சொல்றது, ஷூட்டிங்ல இருக்கேன்னு? சும்மா சும்மா கூப்பிட்டு உயிரை எடுக்காத. சாப்பிட்டா என்ன சாப்பிடாட்டி என்ன, வைம்மா முதல்ல!"

முன் வரிசையில் கைக்குட்டை மடியில் இறங்கியது.

"நிறுத்துங்க, நிறுத்துங்க!" என்று தாடி கத்தினான். படம் ஓட்டிக்கொண்டிருந்த நெட்டையன் பதறிப்போய் எதையோ அமுக்கினான். படத்தின் சத்தம் இரண்டு பங்காகக் கூடியது.

"ஏன்பா நிறுத்தணும்?" என்றார் தாடியின் அம்மா. "அம்மாவோட குரலைக் கேக்கத்தானே கூப்பிட்ட? ஓடட்டும்."

ஓடியது. ஆளில்லாத மேஜை, தட்டு, பன். ஓரத்திலிருந்து ஃப்ரேம் சார் வந்தார். இடப்பக்கம் பார்த்தார், வலப்பக்கம் பார்த்தார், பன்னை எடுத்து இரண்டே வாயில் உள்ளே தள்ளினார். தள்ளிவிட்டு, தட்டை விரல் சதுரத்தின் வழியே பார்த்தார். அறை சிரிப்பில் அதிர்ந்தது. அடுத்த துண்டிலேயே, "போன ஷாட்ல பன் இருந்துச்சு, இந்த ஷாட்ல எங்க?" என்று அவர் முழங்கினார். தொப்பி நாற்காலியில் எழுந்து நின்று கை தட்டினாள்.

தையலக்காவால் சிரிக்க முடியவில்லை. அண்ணி சிரிக்கிறாரா என்று பார்க்கவும் பயமாக இருந்தது.

திரையில் தாடியும் ஃப்ரேம் சாரும் கேமராவுக்கு முதுகைக் காட்டி நின்றார்கள். தையலக்கா முகம் கழுவப் போயிருந்த நேரமாக இருக்க வேண்டும்.

"சார், அந்தக்கா பேசினா படமே கெட்டுடும். பேசாட்டி வரமாட்டேங்கிறாங்க."

"பேசட்டும்பா, யாரு வேணாங்கிறது? அந்த இடத்துல மட்டும் மைக்கை அணைச்சிடச் சொல்லு. சாயங்காலம் காட்டும்போது மேல ஒரு சோக மியூசிக்கைப் போட்டுக்க. வாய் அசையும், சத்தம் வராது. அதுதான் கலை."

"அவங்க கேட்டா?"

"மிஷின் கோளாறுன்னு சொல்லு. கண்ணுல தண்ணி வருதுல்ல, அது போதும்."

தையலக்காவின் காது இரண்டும் சூடாகின. கேமரா ஒழுங்காக ஓடியிருந்தாலும் அவளுடைய வரி வந்திருக்காது. "அற்புதம்" என்றாரே, அது அவள் வாய் அசைந்ததற்கு. ஓர நாற்காலியில் அண்ணி கைப்பையின் வாரை விரலில் சுற்றுவதும் பிரிப்பதுமாக இருந்தார்.

அடுத்து திரையில் அவளே வந்தாள். நாற்காலியில் சாய்ந்து, காலை ஆட்டிக்கொண்டு, மூக்கைச் சொறிந்துகொண்டு. மேடையில் நிற்கிறவளைப்போல இல்லை. வீட்டில்கூட அவள் அப்படி உட்கார்ந்ததில்லை.

"எங்க வீட்டுல ஒருத்தங்க இருக்காங்க தம்பி, என் நாத்தனார்," என்றாள் திரையிலிருந்த தையலக்கா. நெட்டையனின் சிரிப்புக் கேட்டது. "அவங்களுக்கு முழங்கால் வலி. பாத்திரம் கழுவுற நேரத்துக்கு மட்டும் வரும். டிவில சீரியல் பாட்டு கேட்டா வலி பறந்துடும், மான் குட்டியாட்டம் ஓடி வருவாங்க."

பிளாஸ்டிக் நாற்காலியில் இருந்த தையலக்காவுக்குச் செத்துவிடலாம்போல இருந்தது. இத்தனை படத்தில் செத்தவளுக்கு, தேவையான நேரத்தில் அது வரவில்லை.

"ஒரு வாரம்னு வந்தாங்க. பெட்டியை இன்னும் பிரிக்கல. பிரிச்சா வீட்டு ஆள் ஆயிடுவாங்களாம். அந்தப் பெட்டியைத் தூக்கித் தூக்கி வீடு கூட்டியே என் இடுப்பு போச்சு."

அறை வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. அண்ணி எழுந்தார். தையலக்கா கையைப் பிடிக்கப் போனாள், உதறினார். முழங்கால் வலியின் சுவடே இல்லாமல் நாற்காலிகளுக்கு நடுவே விறுவிறுவென்று நடந்தார். பின்பக்கக் கதவை ஓங்கித் திறந்தார். வெளியிலிருந்த வெளிச்சம் அப்படியே உள்ளே கொட்டியது. திரை வெளிறிப்போய்ப் படம் தெரியாமல் போயிற்று.

படம்தான் தெரியவில்லை. குரல் நிற்கவில்லை.

"எனக்கு ஒரே ஒரு வரி தம்பி. அதுக்கு ஏன் இந்தப் பாடுன்னு கேக்குறியா? அவங்க டெலிபோன்ல பேசின ஆளு. அவங்களுக்குக் குரலைப் பத்தித் தெரியும். சும்மா இருக்கிறவ சொன்னா காத்துல விட்டுடலாம். இவங்க ஒரு தடவை நல்லா இருக்குன்னு சொல்லிட்டா, அப்புறம் நான் செத்துச் செத்து நடிச்சாலும் பரவாயில்ல…"

அண்ணி நிலைப்படியில் நின்றார். ஒரு கால் உள்ளே, ஒரு கால் வெளியே. முதுகுதான் தெரிந்தது.

"யாரது, கதவைத் திறந்து வச்சிக்கிட்டு?" என்று யாரோ சத்தம் போட்டார்கள். "வெளிச்சம் அடிக்குதுல்ல!" என்று இன்னொருவர். "உள்ள வாங்க, இல்ல வெளிய போங்க!" அண்ணி அசையவில்லை. ஆயுள் முழுக்க அடுத்தவர்கள் குரலை வாங்கி லைன் மாற்றி அனுப்பியவரை இப்போது ஆளாளுக்கு அதட்டிக்கொண்டிருந்தார்கள்.

தையலக்கா எழுந்தாள். எதற்கு எழுந்தாள் என்று அவளுக்குத் தெரியாது. கூப்பிட நினைத்தாள். மன்னிப்புக் கேட்கவும் நினைத்தாள். ஆனால் ஒரு மாதமாக அந்த நாக்கில் ஒரே ஒரு வாக்கியம்தான் குடியிருந்தது. திறந்த கதவையும் போகிற ஆளையும் கண்டதும் அதுவே வெளியே வந்தது.

"கதவைச் சாத்திட்டுப் போ."

கத்தவில்லை. இழுக்கவில்லை. கடைசி நாற்காலிவரை கேட்டது. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து வாங்க போங்க என்றே பேசிப் பழகிய நாத்தனாரிடம், ஊரார் முன்னிலையில். படத்தில் இது ஒரு பகுதியோ என்று சிலர் திரையைப் பார்த்தார்கள்.

அண்ணி திரும்பினார். தையலக்காவைப் பார்த்தார். பிறகு வெளியே இருந்த காலை எடுத்து உள்ளே வைத்தார். கதவைச் சாத்தினார். இருட்டில் முழங்காலைத் தேய்த்துக்கொண்டே, இப்போது நிஜமாகவே நொண்டியபடி, வந்து தன் இடத்தில் உட்கார்ந்தார்.

"ஒரு மாசமா கத்தினதுல," என்றார், திரையைப் பார்த்தபடியே, "இன்னைக்குத்தான்டி ஒழுங்கா வந்துச்சு."

முன்னாலிருந்து ஃப்ரேம் சார் குதித்தெழுந்தார். இருட்டிலும் விரல்கள் சதுரமாகியிருந்தன. "இது! இதுதான்! இதை யாராவது எடுத்தீங்களா?"

"பக்கத்துல இருந்த கேமரா பட்டனை அமுக்கினேன் சார்," என்றான் நெட்டையன். "ஓடுச்சா நின்னுச்சான்னு தெரியல."

அந்தப் படம் அடுத்த மாதமே வேறு பள்ளிகளுக்கெல்லாம் போய்வந்தது. திட்டமிட்டு எடுத்த புதுமை என்று ஃப்ரேம் சார் போகிற இடமெல்லாம் விளக்கினார். பன் சாப்பிடுகிற இடம் நுகர்வுக் கலாசாரத்தின் மேல் தான் வைத்த விமர்சனம் என்றாராம். தாடி தாடியை எடுத்துவிட்டான்; அவன் அம்மா ஃபோன் செய்தால் இரண்டாவது மணிக்கே எடுக்கிறான், பயத்தில்.

தையலக்கா ஆஸ்பத்திரிக்குப் போய்க் கண் ஓரத்து அடைப்பை எடுத்துக்கொண்டாள். அண்ணிதான் கூடப் போய், மணிக்கணக்கில் முழங்காலைக் குறை சொல்லிக்கொண்டே வெளியே காத்திருந்தார். பாத்திரம் கழுவுவதில் எந்த மாற்றமும் இல்லை. பெட்டியும் பிரிபடவில்லை.

புது வகுப்பு தொடங்கியதும் வழக்கம்போல மூன்று பிள்ளைகள் அம்மாவைத் தேடி வந்தார்கள். ஜன்னல் வெயில் தையலக்காவின் இடது கண்ணில் நேராக விழுந்துகொண்டிருந்தது. ஒரு சொட்டு வரவில்லை. பிள்ளைகள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"அக்கா, கண்ணீர் இல்லாட்டிப் பரவாயில்ல," என்றான் ஒருவன். "கடைசியில சாகுற சீன் மட்டும்…"

தையலக்கா பல்லிலிருந்த ஊசியை எடுப்பதற்குள் உள்ளறையிலிருந்து குரல் வந்தது. லைன் மாற்றுகிற குரல். கணீரென்று, மரியாதையாக, மறுபேச்சுக்கு இடமில்லாமல்.

"அதெல்லாம் அப்புறம் பேசலாம் தம்பி. வசனம் எத்தனை வரி? அதை முதல்ல சொல்லுங்க."